முள் தெரியாத மூன்று விரல்கள்

கையில் கட்டோடு நான் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்த நாட்களில், கண்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"என்ன தேவி, ஸ்னோவில விழுந்திட்டீரோ?"

மொன்றியலில் ஒருவருக்குக் கையில் கட்டு என்றால் அவர் பனியில் வழுக்கி விழுந்திருக்க வேண்டும். அது மரியாதையான காயம். "ஐயோ பாவம்" என்பார்கள். தங்கள் மச்சாள் விழுந்த கதையையும் சொல்வார்கள். நான் "இல்லை, கொம்பியூட்டர் மவுஸ் பிடிச்சு வந்தது" என்று சொன்னதும் அந்த இரக்கம் எங்கேயோ போய்விடும். பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் மீன் வாங்குகிற கடையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "உதென்ன கண்டறியாத வருத்தம்? நாங்கள் மூட்டை தூக்கின ஆக்களுக்கே ஒண்டும் வரேல்லை!" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அந்த மனிதரை மனங்கொண்ட மட்டும் திட்டினேன்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். இனிக் கேட்கிறவர்கள் இதை வாசிக்கட்டும். அதைவிட, நாள் முழுவதும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் சாமானைப் பிடித்துக்கொண்டு, விரல் விறைத்தால் உதறிவிட்டு மறுபடியும் பிடிக்கிற யாராவது வாசித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

நான் வேலை செய்வது நகரத்தின் கிழக்குப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஓர் அலுவலகத்தில். கப்பலில் வந்திறங்கும் கொள்கலன்களுக்குச் சுங்கப் பத்திரம் பார்ப்பது எங்கள் வேலை. பெட்டிக்குள் என்ன சாமான், யாருக்குப் போகிறது, எல்லாம் சரியா என்று திரையில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கட்டத்திலும் அடையாளம் போட வேண்டும். முன்பு எல்லாம் கடதாசி. எழும்பிப் போய் அலுமாரி திறப்போம், கோப்பை இழுப்போம், முத்திரை குத்துவோம், பிரதி எடுக்கிற மெசினடியில் நின்று ஊர்க்கதை கதைப்போம். பிறகு எல்லாம் திரைக்குள் போய்விட்டது. இருந்த இடத்தில் இருந்தே வேலை என்று முதலில் எங்களுக்குப் பெரிய புளுகம், ஒரே சந்தோஷம். உடம்பு முழுவதும் பங்குபோட்டுச் செய்த வேலையை இனி ஒரு மணிக்கட்டும் ஓர் ஆட்காட்டி விரலும் தனியாகச் செய்யப்போகின்றன என்று யாருக்குத் தெரியும்?

மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி, கையைப் பின்பக்கமாக மடித்து, தோளை அசைக்காமல் அப்படியே இருப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பினால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

இந்தக் கதையில் கணவர் வராமல் முடியாது. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இங்கேயும் "அவர்" என்றே எழுதுகிறேன். அவர் அதே துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓடியவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முதலில் அவருடைய கால்களை விறைக்கச் செய்தது, கவனிக்காமல் விட்டார். பிறகு கண்ணில் மங்கல். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இப்போது ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு குறையும் இல்லை. மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதுவும் முள்ளுள்ள மீன்தான் வேண்டும். கடையில் ஃபிலே என்று விற்கிற முள் நீக்கிய துண்டை ஒருமுறை சமைத்துக் கொடுத்தேன்.

"இது மீனே? இது நனைஞ்ச பாண்" என்று, ஊறின ரொட்டியைப்போலத் தள்ளி வைத்துவிட்டார்.

ஆகவே எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். அவர் மேசையில் வந்து இருப்பார். நான் குழம்பு மீனை எடுத்து, விரலால் தடவித் தடவி முள் எல்லாம் எடுத்து, சதையைச் சோற்றோடு குழைத்து அவர் முன்னால் வைப்பேன். விளைமீனுக்கு இத்தனை நேரம் தேவையில்லை. சூடை, ஒட்டி என்றால் பொறுமை வேண்டும். முள்ளைக் கண்ணால் தேடுகிறவர்கள் மீன் சாப்பிடப் பழகாதவர்கள். குழம்பு நிறத்தில் கண்ணுக்கு எது தெரியும்? பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும்தான் தெரியும்.

விறைத்தது அந்த மூன்று விரல்கள்தான்.

முதலில் காலையில் எழும்பும்போது ஒரு மதமதப்பு. கையைத் தொங்கப்போட்டு உதறினால் போய்விடும். பிறகு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது வந்தது. பிறகு அலுவலகத்தில். நித்திரையில் கை எரிந்து எழும்பி உட்காரத் தொடங்கினேன். பக்கத்து மேசை நித்யா சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்த பெண். நான் கையை உதறுவதை அவள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அக்கா, என்னக்கா சும்மா சும்மா கைய உதர்றீங்க? டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆச்சு. மவுஸ்னால வருமாம்."

"சும்மா போம் பிள்ளை. மவுஸ் பிடிச்சு ஆருக்கும் வருத்தம் வருமே?"

எனக்கு அது என்ன என்று ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆட்களிடம் விறைப்பு என்று சொல்லிப் பாருங்கள். ஒரே மருத்துவம்தான்: விறைப்பென்றால் சீனி. கோயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "வேற என்ன, சீனிதான்" என்றார். என் கண் முன்னால் கணவருடைய கதை முழுவதும் ஓடியது. முதலில் விறைப்பு, பிறகு கண். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து இருப்பது என்னுடைய கண் ஒரு சோடிதான். அதுவும் போனால்? மகள் அபி கலியாணம் கட்டி லவாலில் இருக்கிறாள். கர்டரியில் பிள்ளைகள் பார்க்கிற வேலை. அவள் தலையில் இரண்டு குருடர்களைக் கட்டிவிடுவதா?

வைத்தியரிடம் போனால் "ஓம், சீனி" என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில் நானே வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். சோற்றைக் குறைத்தேன். தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தினேன். விடிந்ததும் வெறுவயிற்றில் பாவற்காய்ச் சாறு குடித்தேன். அவர் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய மெசினைக் களவாக எடுத்து இடது கையில் குத்திச் சீனி பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் சாதாரணம் என்றே காட்டியது. "மெசின் பழசாப் போச்சு" என்று வைத்துவிடுவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மெசின் உண்மை சொன்னது, பாவற்காயும் ஒரு பிழையும் செய்யவில்லை. நான்தான் கசப்பைக் குடித்துவிட்டு, அலுவலகத்தில் போய் அதே மணிக்கட்டை அதே மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் குளிரில் ஒரு சனிக்கிழமை இரவு ஒட்டி மீன் குழம்பு வைத்தேன். வழக்கம்போல முள் எடுத்துக் குழைத்து வைத்தேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் நிறுத்தினார். தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா?"

"முள்ளு... நிக்குது."

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் வெறுஞ்சோற்று உருண்டை. உருட்டிக் கொடுத்தேன், விழுங்கினார், போகவில்லை. வாழைப்பழம் கொடுத்தேன், அதுவும் போய் முள்ளை இன்னும் உள்ளே இறுக்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓட, எச்சில் விழுங்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தயவுசெய்து யாரும் அந்த உருண்டை வேலை செய்யாதீர்கள். முள் நின்றால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். அன்றைக்கு அங்கே ஒரு தாதி என்னைப் பேசின பேச்சை நீங்களும் கேட்க வேண்டாம்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. வெளிப்படியில் பனிக்கட்டி. கண் தெரியாத மனிதரை, மூச்சு வாங்க, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவரையும் பிடித்து இறக்கி டாக்ஸியில் ஏற்றினேன். அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பது எப்படி என்று மொன்றியலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூச்சு சம்பந்தப்பட்டது என்பதால் எங்களை அதிகம் வைத்திருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் அவருக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் எடுத்த மீன். நான் குழைத்த சோறு. இந்த மனிதர் என் விரலை நம்பித்தானே வாயைத் திறந்தார் என்று நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

உள்ளே ஒரு பெண் வைத்தியர், இளம் வயது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நீண்ட இடுக்கியால் முள்ளை எடுத்துக் காட்டினார். ஊசிபோல ஒரு முள். தொண்டை சரியா என்று பார்க்க, சின்னக் கோப்பையில் தண்ணீரை என்னிடம் தந்து அவருக்குக் கொடுக்கச் சொன்னார். கோப்பை என் கையிலிருந்து நழுவி விழுந்தது. இன்னொன்று தந்தார். அதுவும் விழுந்தது.

வைத்தியர் தண்ணீரைத் துடைக்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"எந்த விரல்கள் விறைக்கின்றன?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

காட்டினேன்.

"சின்ன விரல்?"

"அதற்கு ஒன்றுமில்லை."

"பாதம்?"

"இல்லை."

"மற்றக் கை?"

"இல்லை. ஆனால் இது சீனிதான், எனக்குத் தெரியும்" என்றேன். நான் சொன்னது பக்கத்துக் கட்டிலில் இருந்த என் கணவருக்கும் கேட்டிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

வைத்தியர் ஒரு கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தார். சீனியால் வருகிற விறைப்பு பெரும்பாலும் பாதங்களில், இரண்டு பக்கமும் தொடங்கும் என்றார். ஒரு கையில் மூன்று விரல் மட்டும் விறைத்து, சின்ன விரல் சுகமாக இருந்தால், அந்த மூன்றுக்கும் போகிற நரம்பு வழியில் எங்கேயோ நெரிபடுகிறது என்று அர்த்தம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டை மடித்துப் பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மூன்று விரலிலும் எறும்பு ஊர்ந்தது. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் வாயால் சொல்லவில்லை. என் கை தானாகப் போய்க் கட்டில் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி, ஆட்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு இருந்தது. வைத்தியர் சிரித்துவிட்டார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு அழுகைதான் வந்தது. டாக்ஸியில் திரும்பினோம். ஜோன்-டலோன் தெரு தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"இதுக்கு முதலும் முள்ளு வந்தது."

"என்ன?"

"ரெண்டு மூண்டு தரம். நாக்கால துளாவி எடுத்து, கடதாசியில சுத்திப் போட்டிடுவன்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரே? ஒருநாள் நிண்டு மூச்சடைச்சா என்ன செய்யிறது?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உமக்குக் கண் மங்குதெண்டு நினைச்சன். எனக்கும் உப்பிடித்தானே துவங்கினது. கேட்டால் நீர் ஓம் எண்டு சொல்லிப்போடுவீர் எண்டு பயமாக் கிடந்தது."

நான் பாவற்காய் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் முள்ளை ஒளித்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு பக்கமாக. டாக்ஸிக்காரருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் நான் வாய்விட்டு அழுதேன். அவர் என் விறைத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிடித்தது எனக்குப் பாதிதான் தெரிந்தது.

இனி அந்தக் கை வருத்தம் என்ன நோய் என்று சொல்கிறேன். நம் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் சுரங்கப்பாதை இருக்கிறது. கீழும் பக்கமும் எலும்பு. மேலே தடித்த நார்ப்பட்டி ஒன்று. அதற்குள்ளால் விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. காலை வேலை நேரத்து மெட்ரோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நெரிசல். கையை மடித்து வைத்து ஓய்வில்லாமல் ஒரே அசைவைச் செய்தால் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கும். எல்லோரும் குளிர்ச்சட்டையோடு ஏறின மாதிரி. சுவர் விரியாது. நெரிபடுவது நடுவில் நிற்கிற நரம்பு. இதற்குக் கார்ப்பல் டனல் என்று பெயர். மவுஸ் ஒன்றுதான் காரணம் என்றில்லை. வேறு காரணங்களாலும் வரும். எனக்கு வேறு ஒன்றும் அகப்படவில்லை. இரத்தத்தில் சீனியும் இல்லை என்று எங்கள் குடும்ப வைத்தியர் எழுதியே தந்தார். அன்றைக்கு வீட்டில் இருந்த பாவற்காயை வெட்டிப் பொரித்துச் சாப்பிட்டோம்.

மணிக்கட்டு மடியாமல் இருக்க ஒரு பட்டை தந்தார்கள். பனிக்காலம் முழுவதும் அதோடு இருந்தேன். நரம்புச் சோதனைக்குத் திகதி வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த நாட்டில் வைத்தியத்துக்குக் காசு பெரிதாகப் போவதில்லை, போவது நாட்கள். வேலையில் மேலாளர், பழியை வீட்டு வேலையில் போடப் பார்த்து, "வீட்டில் கம்பளி பின்னுவீர்களா?" என்று கேட்டார். என் வாழ்நாளில் நான் பின்னியது என் தலைமயிர் மட்டும்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

நரம்புச் சோதனை நோகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன்: கொஞ்சம் நோகும். மணிக்கட்டில் மின்சாரம் வைத்துத் தட்டுவார்கள். விரல் துள்ளும். சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மெசின் அளக்கும். பிறகு பெருவிரலடித் தசையில் மெல்லிய ஊசி ஏற்றுவார்கள். என் பெருவிரலடி வற்றிப் போயிருந்ததை அப்போதுதான் கண்டேன். இடது கையோடு ஒட்டிப் பார்த்தால் வலது கை யாரோ வயதானவருடையது.

சத்திரசிகிச்சை நிபுணர் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "தாமதமாக வந்திருக்கிறீர்கள்" என்றார். அந்த நார்ப்பட்டியை வெட்டி இடம் விட்டால் நெரிவு நிற்கும். உணர்ச்சி மெதுவாகத் திரும்பலாம். முழுவதும் திரும்பும் என்று அவர் வாக்குத் தரவில்லை. பிறகு வரிசையாகக் கேட்டார். எழுத முடிகிறதா, பொத்தான் பூட்ட முடிகிறதா, பூட்டில் திறப்பைப் போட்டுத் திருப்ப முடிகிறதா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"மீன் முள்ளு தெரியுமா?"

நிபுணருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். கண் தெரியாத கணவர், குழம்பு, விரல் எல்லாம். அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"மதாம், ஃபிலே வாங்குங்கள்."

நல்ல மனிதர். நல்ல கைராசி. ஆனால் அந்த நேரத்தில் நிபுணரின் மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கையை எடுத்து எறியலாம்போல இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "நீர் பயப்பிடாதையும். கையை வெட்டட்டும். பேந்து பாப்பம்" என்றார்.

சத்திரசிகிச்சை அன்று அபியின் கணவர் எங்களை ஏற்றிப்போனார். மயக்க மருந்து கிடையாது. கையை மட்டும்தான் மரக்கச் செய்வார்கள். உள்ளங்கையில் போடுகிற அந்த ஊசி இருக்கிறதே, அது பொல்லாதது. நோகாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதற்குப் பிறகு நோவு தெரியாது. நடுவில் நீலத்துணி கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் என் கையை யாரோ இழுப்பதும் தள்ளுவதும் மட்டும் தெரிந்தது. நான் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தாதி குனிந்து, "யாரைக் கூப்பிடுகிறீர்கள்? வெளியே இருக்கிறாரா?" என்று கேட்டார். "அவர் எல்லா இடத்திலும் இருக்கிறார்" என்றேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் "முடிந்தது" என்றார்கள். இத்தனை மாதப் பயத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வெளியே அவர் எழும்பி நின்றார். என் நடைச் சத்தம் அவருக்குத் தெரியும்.

"கை கிடக்கே?"

"கிடக்கு."

"அப்ப வாரும்."

கட்டோடு வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு கையால் உள்ளுடுப்பின் கொளுக்கி பூட்டிப் பாருங்கள், தெரியும். அபி வேலைக்குப் போக முதல் லவாலிலிருந்து வந்து என்னைக் குளிக்கவார்த்துவிட்டுப் போவாள். கர்டரிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே, "அம்மா, கையைத் தூக்குங்கோ, பிராவோ!" என்பாள். நித்யா எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்தாள். "ஸ்பூன்ல சாப்பிடுங்கக்கா, யாரும் பாக்கல" என்றாள். இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சோறு தின்பது எனக்குக் களவெடுத்துத் தின்பதுபோல இருந்தது. ஆனால் தலைமயிர் அவருடைய பங்கு. கதிரையில் என்னை இருத்திச் சிக்கெடுத்துப் பின்னி விடுவார். பின்னல் கோணல்தான். கண்ணாடியில் பார்த்து நான் சிரித்தால், "நான் பாக்கேல்லை, நீரும் பாக்காதையும்" என்பார்.

மீனும் அவர் கைக்குப் போனது. தன்னுடைய பிளேட்டிலும் என்னுடையதிலும் அவரே முள் எடுத்தார். அவர் விரலுக்கு ஒரு முள்ளும் தப்பவில்லை. எனக்கு ஒரு வாய் தீத்திவிட்டு, "பயப்பிடாமல் விழுங்கும்" என்று சொன்னபோது, இத்தனை வருடம் என் கையில் சாப்பிட்ட மனிதரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாக விளங்கியது. அன்பாக இருந்தது உண்மை. ஆனால் எனக்குள் ஒரு கொதிப்பும் இருந்தது. அது என்னுடைய வேலை. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தையல் வெட்டியாயிற்று. எரிவு போயிற்று; நித்திரை வந்தது. பெருவிரலுக்கு உணர்ச்சி முதலில் திரும்பியது. பிறகு ஆட்காட்டி விரல், துணி சுற்றினதுபோல மங்கலாக. நடுவிரல் நுனி மட்டும் செத்தபடியே கிடந்தது. பயிற்சி சொல்லித் தருகிற பெண், ஒரு கிண்ணம் அரிசிக்குள் சின்னச் சின்னச் சாமான்களைப் புதைத்துக் கண்ணை மூடித் தேடச் சொன்னாள். வீட்டில் அந்த விளையாட்டுக்கு அவர்தான் நடுவர். பொத்தான், கொண்டை ஊசி, மிளகு என்று ஒளித்து வைப்பார். சிலநாள் ஒன்றும் ஒளிக்காமலே தேடவிட்டுச் சிரிப்பார். ஒருநாள் அரிசியைத் தட்டிக் கொட்டிவிட்டு, "இது வராது, விடுங்கோ" என்று கத்தினேன். அவர் நிலத்தில் இருந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் இருந்து பொறுக்கினேன்.

மரங்கள் துளிர்க்க வேலைக்குத் திரும்பினேன். இப்போது கை குலுக்குகிற மாதிரிச் சரிவாகப் பிடிக்கிற மவுஸ் தந்திருக்கிறார்கள். மேசையை உயரம் குறைத்துப் பதித்திருக்கிறார்கள். பாதி வேலையை மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே செய்ய நித்யா பழக்கிவிட்டாள். இடைக்கிடை எழும்பி நடக்கிறேன். மேலாளர் பார்த்தால் பார்க்கட்டும். விரல் விறைத்தால் உதறிவிட்டு இருக்காதீர்கள், பிள்ளைகளே. உடனே போய்க் காட்டுங்கள். வற்றின தசை திரும்பி வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மீன்கடையில் நல்ல ஒட்டி வந்திருந்தது. அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் வாங்காத மீன். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. குழம்பு வைத்து, சோற்றைப் போட்டு, மீன் தட்டை வழக்கம்போல அவர் பக்கம் வைத்தேன். அவர் அதை விரலால் தள்ளி என் பக்கம் விட்டார்.

"இண்டைக்கு நீர் எடும்."

"எனக்கு ஏலாதப்பா."

"எடும் எண்டுறன். எடுத்துப்போட்டு எனக்குத் தாரும். நான் திருப்பிப் பாத்துத்தான் வாயில வைப்பன். செத்துப்போக மாட்டன்."

கையைக் கழுவி வந்து இருந்தேன். கண்ணைத் திறந்து வைத்தால் கண்தான் தேடுகிறது, மூடிக்கொண்டேன். பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நடுமுள்ளை இழுத்து எடுத்தேன். அது பெரியது, யாருக்கும் தெரியும். பிறகு சதையை மெதுவாக வழித்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அழுத்தினேன். அப்போது சுரீர் என்றது.

"ஆ!"

"என்னப்பா, சூடே?" என்று கேட்டார்.

"இல்லை. முள்ளுக் குத்திப்போட்டுது."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எந்த விரல்?"

பார்த்தேன். நுனியில் ஒரு பொட்டு இரத்தம்.

"நடுவிரல்."

"நோகுதே?"

"நோகுது. நல்லா நோகுது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழத் தொடங்கிவிட்டேன்.

அவர் மேசையைத் தடவி வந்து என் கையைப் பிடித்தார். குழம்போடும் இரத்தத்தோடும் அந்த விரலை அப்படியே கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தார். அவர் கை சூடாக இருந்தது எனக்கு முழுவதும் தெரிந்தது.

"சரி," என்றார். "இனி நான் பாக்கத் தேவையில்லை. குழைச்சுத் தாரும், பசிக்குது."